ஓர் அங்குலச் சுவர்

ஓர் அங்குலத் தடிமன் உள்ள சுவர் ஆயிரம் லிட்டர் தண்ணீரைத் தாங்குமா? 1990-களின் கடைசியில் புதுச்சேரி நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எதிர்மனுதாரருக்காக நான் ஆஜரான வழக்கு ஒன்று இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்தது. புகார் மனுவின் முதல் பக்கத்திலேயே அந்த வாதம் இருந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரிலேயே ஓதம் ஏறுகிற கடற்கரை ஊர் இது. இங்கே கோழிவலைமேல் சிமென்ட்டைப் பூசி, அதைத் தண்ணீர்த் தொட்டி என்று விற்றது அப்பட்டமான ஏமாற்று என்று எழுதியிருந்தார்கள்.

புகார் கொடுத்தவர் முத்தியால்பேட்டையில் வசித்த ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடைப் பணத்தில் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்தார். அதன் மொட்டை மாடிக்கு ஆயிரம் லிட்டர் தொட்டி வேண்டும் என்று என் கட்சிக்காரரிடம் சொல்லியிருந்தார். என் கட்சிக்காரர் ஒரு கொத்தனார், ஆரோவில்லை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர். ஆரோவில்லில் 1980-களிலிருந்தே, கம்பிவலைமேல் சிமென்ட் கலவை பூசும் ஃபெரோசிமென்ட் முறையில் கூரை, கதவு, தண்ணீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலன் என்று பலவற்றைச் செய்துவந்தார்கள். அந்த வேலைகளில் கையாளாகச் சேர்ந்து, கரணை பிடிக்கக் கற்று, பிறகு சொந்தமாகத் தொட்டி வார்த்து விற்கத் தொடங்கியவர் அவர்.

சித்திரையில் தொட்டி மாடி ஏறியது. வைகாசியில் புதுமனை புகுவிழா நடந்தது. ஐப்பசி மழைக்குள் தொட்டியின் வெளிப்புறத்தில் துருக்கோடுகள் தெரிந்தன, அடியில் சொட்டியது, கீழ் அறையின் உட்கூரையில் ஈரம் படர்ந்தது. கொத்தனார் இரண்டு முறை வந்து பூசிப் பார்த்தார். நிற்கவில்லை. தொட்டியின் விலை, கூரையைச் சரிசெய்யும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகிய மூன்றும் கேட்டு வழக்கு வந்தது.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்படி 'சேவை'தான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இலேயே சொல்லிவிட்டது. எனவே மன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. பொருளையே பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். காரணம், வழக்கில் தோற்றால் ஒரு கொத்தனார் பணம் கட்டுவதோடு அது நிற்காது. ஃபெரோசிமென்ட் ஏமாற்றுப் பொருள் என்று மன்றம் ஒரு வரி எழுதிவிட்டால், ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிற ஒரு நல்ல வேலைமுறை இந்த ஊரில் பேர் கெட்டுப் போகும். அந்தப் பயம் எனக்கு உண்மையாகவே இருந்தது.

கொத்தனார் என் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலையை விளக்கிய விதம் எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது. முதலில் மெல்லிய கம்பிகளால் ஒரு கூடு. அதன் இருபுறமும் கோழிவலை, ஒன்றன்மேல் ஒன்றாக, துளைகள் நேருக்கு நேர் விழாமல் சற்று நகர்த்தி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு இரண்டு பங்கு சலித்த ஆற்று மணல், ஜல்லி கிடையாது. தண்ணீரைக் கை கொண்டமட்டும் ஊற்றக் கூடாது, ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 20 லிட்டர் அளவோடு நிறுத்த வேண்டும். கலவையை வலைக்குள் அழுத்தித் திணிக்க வேண்டும். உள்ளேயிருந்து ஒருவர் பலகை பிடிக்க, வெளியிலிருந்து மற்றவர் அழுத்துவார். வலைக்கு மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டராவது கலவை மூடியிருக்க வேண்டும். பிறகு ஈரச் சாக்கு போர்த்தி, குறைந்தது பத்து நாள் காயவிடாமல் தண்ணீர் காட்ட வேண்டும்.

"வலைதான் சார் உசுரு. கலவை அதுக்குச் சட்டை" என்றார்.

அவர் சொன்னதற்குப் பொறியியல் விளக்கம் உண்டு. வழக்கமான கான்கிரீட்டில் கம்பிகள் அரையடி இடைவெளிகூட விட்டு நிற்கும். இழுவிசை வந்தால் இடையில் உள்ள கான்கிரீட் ஓர் இடத்தில் அகலமாகப் பிளக்கும். ஃபெரோசிமென்ட்டில் அரை அங்குலத்துக்கு ஒரு கம்பி இருக்கிறது. அதனால் விரிசல் ஓரிடத்தில் திரண்டு வாய் திறப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளாகப் பரவி நின்றுவிடும். தண்ணீர் தொடர்ந்து பட்டால் அந்த மயிரிழை விரிசல்களில் பல, சிமென்ட்டில் மிஞ்சியிருக்கும் சுண்ணாம்பு கரைந்து படிந்து தாமாகவே அடைத்துக்கொள்ளவும் செய்யும். தடிமனைக் குறைத்து, எஃகை நுணுக்கிப் பரப்பியதுதான் இதன் பலம்.

பலவீனங்களையும் மன்றத்தில் மறைக்கவில்லை. கூரான பொருளால் ஓங்கி அடித்தால் துளை விழும். நெருப்பு தொடர்ந்து பட்டால் மெல்லிய மேல்பூச்சு வலையைக் காக்காது. கடல் உப்பும் ஈரமும் உள்ள எங்கள் ஊரில் மூடுபூச்சு ஓரிடத்தில் குறைந்தாலும் துரு உள்ளே புகுந்துவிடும். இயந்திரம் அதிகம் தேவையில்லை என்றாலும் கைவேலை நிறைய வேண்டும், அதுவும் பழகிய கை வேண்டும். அதே சமயம், உடைந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு, வலை ஒட்டுப் போட்டு, திரும்பப் பூசிச் சரிசெய்ய முடிகிற பொருள் இது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மூத்தவர், நல்ல வாதத்திறன் உள்ளவர். "சோதித்துப் பார்க்கப்படாத புதுச்சரக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்கு நான் எழுந்து சொன்ன பதில், இந்தப் பொருள் நம்முடைய கம்பிக் கான்கிரீட்டுக்கே மூத்தது என்பதுதான். ஜோசஃப் லூயி லாம்போ என்ற பிரெஞ்சுக்காரர் 1848-இல் தென் பிரான்சில் தம் பண்ணையில் இரும்புக் கம்பி வலைமேல் சிமென்ட் பூசிப் படகு செய்தார். 1855-இல் அதற்கு உரிமம் பெற்றார், அதே ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் படகை வைத்துக் காட்டினார். அவர் செய்த படகு ஒன்று இன்றும் பிரிஞோல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டுகளில் புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இத்தாலியப் பொறியாளர் பியர் லூயிஜி நெர்வி 165 டன் எடையுள்ள 'ஐரீன்' என்ற கப்பலையே இந்த முறையில் கட்டினார். அதன் உடல் தடிமன் 35 மில்லிமீட்டர். கடலை வெளியே நிறுத்த ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவான சுவர் போதுமானதாக இருந்திருக்கிறது.

கப்பலும் படகும் கேட்க நன்றாக இருந்தாலும் மன்றத்துக்கு வேண்டியது இந்திய ஆதாரம். அது கையில் இருந்தது. இந்தியத் தர நிறுவனம் 1992-இலேயே ஃபெரோசிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்கென்று தனித் தரக்குறிப்பு வெளியிட்டுவிட்டது: ஐ.எஸ். 13356. முன்கூட்டியே வார்த்த, 250 லிட்டரிலிருந்து 10,000 லிட்டர் வரை கொள்ளும் தொட்டிகளுக்கானது. சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமும் இந்தப் பொருளில் ஆய்வுகள் செய்திருக்கிறது. தரக்குறிப்பின் நகலைத் தாக்கல் செய்ததோடு 'புதுச்சரக்கு' என்ற வாதம் அடங்கியது. அரசின் தர நிறுவனமே பத்தாயிரம் லிட்டர் வரை அனுமதித்திருக்கும்போது ஆயிரம் லிட்டரைக் கேள்வி கேட்க முடியாது.

ஆனாலும் தொட்டி ஒழுகியது உண்மை. ஆசிரியை பொய் சொல்லவில்லை. கூண்டில் நின்று அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதான். ஆகவே தொட்டியை நேரில் பார்த்து, ஒரு துண்டை வெட்டிச் சோதிக்க வேண்டும் என்று நானே மனுப் போட்டேன். பொருளின் குறை கண்ணால் பார்த்துத் தெரியாதபோது மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரத்தை 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு மன்றத்துக்குத் தந்திருந்தது. என் கட்சிக்காரருக்கு இதில் தயக்கம் இருந்தது. "என்னா இருக்குதோ அது வெளிய வரட்டும் மேஸ்திரி. இல்லன்னா பூரா பழியும் உங்க தலையிலதான் விழும்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் ஆய்வாளராக வந்தார். இரு தரப்பும் மொட்டை மாடியில் கூடினோம். அவர் அவசரப்படவே இல்லை. தொட்டியைச் சுற்றி வந்தார், விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார், விரிசல்களுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு இரண்டு இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குத் துண்டு எடுத்தார். வெட்டிய முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தார். சிமென்ட்டின் காரத்தன்மை உயிரோடு இருக்கும் இடம் இளஞ்சிவப்பாக மாறும், காற்றுப் பட்டுக் காரம் போன இடம் நிறம் மாறாமல் நிற்கும். காரம் இருக்கும்வரைதான் உள்ளே கம்பி துருவிலிருந்து தப்பும். சுவரின் பெரும்பகுதி பளிச்சென்று சிவந்தது. அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரை, வெளிப்புறத்து மேல்தோல் மட்டும் சிவக்கவில்லை. அங்கே வலை மேலே வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூடுபூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. துருக்கோடுகள் தெரிந்த இடமும் அதுதான்.

அவருடைய அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி சுவரின் கணக்கு. ஒரு மீட்டர் உயரம், 56 சென்டிமீட்டர் ஆரம் உள்ள வட்டத் தொட்டி. நிறையத் தண்ணீர் நிரப்பினால் அடிப்பகுதிச் சுவரைச் சுற்றி இழுக்கும் விசை, சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிலோ அளவுக்குத்தான் வரும். ஒழுங்காக வார்த்த கலவை மட்டுமே, வலையின் உதவி இல்லாமல், அதைப்போல ஏழெட்டு மடங்கு தாங்கும். ஆக ஓர் அங்குலச் சுவர் தாங்குமா என்ற கேள்விக்கு விடை ஒரு பக்கத்தில் முடிந்தது: தாராளமாகத் தாங்கும்.

அப்படியானால் ஒழுகல் எங்கிருந்து வந்தது? அறிக்கை மூன்று காரணங்களைச் சொன்னது. தொட்டி உட்கார்ந்திருந்த இடம் சமதளம் இல்லை. இரண்டு செங்கல் சுவர்கள் எழுப்பி, நடுவில் ஏறத்தாழ இரண்டடி வெற்றிடம் விட்டு, அதன்மேல் தொட்டியை ஏற்றியிருந்தார்கள். ஒரு டன் தண்ணீரும் தொட்டியின் சொந்த எடையும் சேர்ந்து அடித்தளத்தை நடுவில் வளைத்திருக்கின்றன. சுவரும் அடியும் சேரும் மூலையில் விரிசல் வந்தது அதனால்தான். அடுத்தது, தண்ணீர் இறங்கும் குழாய்க்காகப் போட்ட துளை. அது வார்க்கும்போது விட்டதில்லை, பிறகு உடைத்தது. மூன்றாவது, கலவையின் மேல்தோல் கையால் சுரண்டினால் உதிர்கிற அளவுக்குப் பலவீனமாக இருந்தது. போதிய நாள் தண்ணீர் காட்டாததன் அடையாளம்.

துளை போட்ட பிளம்பரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தேன்.

"துளை எதால போட்டீங்க?"

"உளி, சுத்தியல்தான் சார். வேற எதால போடுறது?"

"உள்ள வலை இருந்துச்சா?"

"இருந்துச்சு. வெட்டி எடுத்தேன். இல்லன்னா பைப்பு போவாதே."

"பிறகு?"

"சிமென்ட் வச்சு அடைச்சேன்."

அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செங்கல் சுவரில் ஆயிரம் துளை போட்ட கை அது. ஃபெரோசிமென்ட்டில் குழாய் முனையை வார்ப்பதற்கு முன்பே கூட்டில் கட்டி, சுற்றிலும் வலையை மடித்து இறுக்கி, அதன் பிறகே பூச வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. கொத்தனார் தொட்டியில் ஒரு குழாய்முனை வைத்துத்தான் கொடுத்திருந்தார். வீட்டின் குழாய் எதிர்ப்புறத்தில் இருந்ததால் அந்தப் பக்கம் புதிதாக உடைத்திருக்கிறார்கள்.

இங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்த வாதத்தைப் புதுச்சேரியில்தான் கேட்க முடியும். அவர் பிரெஞ்சுச் சட்டம் படித்த தலைமுறையிடம் தொழில் பழகியவர். 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டத்தொகுப்பின் 1792-ஆம் பிரிவை நினைவிலிருந்தே சொன்னார். மொத்தத் தொகை பேசிக் கட்டிய கட்டடம் வேலைக் குறையால் அழிந்தாலும், நிலத்தின் குறையால் அழிந்தாலும்கூட, கட்டியவர் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பு என்பது அந்தப் பிரிவு. "நிலத்தின் குறைக்கே கட்டியவன் பொறுப்பு என்றால், தன் கண்ணெதிரே இருந்த செங்கல் சுவருக்கு இவர் பொறுப்பில்லையா?" என்று கேட்டார்.

நான் எழுந்து, அந்தப் பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றேன். 1968-ஆம் ஆண்டு விரிவாக்கச் சட்டத்தின் வழியாக இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது. அதோடு, வார்த்துக் கொண்டுவந்து இறக்கிய தொட்டி ஒரு பொருள், கட்டடம் ஆகாது. மேடை போட்டதும் குழாய் உடைத்ததும் வீட்டுக்காரர் அமர்த்திய ஆட்கள். மன்றத் தலைவர் இதையெல்லாம் குறித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் கொத்தனாரைப் பார்த்துக் கேட்டார்:

"தொட்டிய மேல ஏத்தினப்ப நீங்க மாடியில இருந்தீங்களா?"

"இருந்தேன் ஐயா. சங்கிலி போட்டு ஏத்தினதே நான்தான்."

"நடுவுல வெற்றிடம் இருந்ததப் பாத்தீங்களா?"

"பாத்தேன் ஐயா. தொட்டி பூரா உக்காரணும், மணல் போட்டு மட்டம் பண்ணணும்னு நெனச்சேன். விசேஷம் கிட்ட வந்துடுச்சு, டீச்சரம்மா அவசரத்துல இருந்தாங்க. சொல்லல."

"தண்ணி எத்தன நாள் காட்டினீங்க?"

"மூணு நாள் ஐயா. அப்புறம் ஏத்திட்டோம்."

அக்னி நட்சத்திர வெயிலில் மூன்று நாள். அந்தப் பதிலுக்குப் பிறகு நான் வாதாட அதிகம் மிச்சமில்லை. ஆசிரியை அப்போது எழுந்து, "விசேஷத்துக்குள்ள முடிச்சுக் கொடுங்கன்னு நான்தான் அவசரப்படுத்தினேன் ஐயா. அதனால கெட்டுப்போகும்னு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் காத்திருந்திருப்பேன்" என்றார். யாரும் கேட்காமல் அவராகச் சொன்னது. அந்த அம்மாவின்மேல் எனக்கு மரியாதை கூடியது.

தீர்ப்பு ஒரு மாதத்துக்குள் வந்தது. ஃபெரோசிமென்ட் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்ற பொருள்தான், அதைப் பயன்படுத்தியதே குறைபாடு என்ற வாதம் ஏற்கப்படவில்லை என்று முதலில் எழுதியிருந்தார்கள். குழாய்த் துளைக்குக் கொத்தனார் பொறுப்பில்லை. ஆனால் மூடுபூச்சு குறைந்ததற்கும் தண்ணீர் காட்டாததற்கும் அவரே பொறுப்பு. மேடையைப் போட்டது வேறொருவர் என்றாலும், அதன்மேல் தொட்டி நிற்காது என்பது அந்த மாடியில் இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்தவர் சொல்லாமல் விட்டது சேவைக் குறைபாடு. தொட்டியின் அடிமூலையையும் வெளிப்பூச்சையும் அவர் தம் செலவில் செப்பனிட வேண்டும், கூரைச் செலவில் பாதியைத் தர வேண்டும். சமதள மேடைக்கான செலவு வீட்டுக்காரருடையது. மன உளைச்சல் இழப்பீடு மறுக்கப்பட்டது. வழக்குச் செலவு அவரவருடையது.

மேல்முறையீடு செய்யலாமா என்று கொத்தனார் கேட்டார். வேண்டாம் என்றேன். என் கட்சிக்காரருக்கு எதிராகப் போன அந்தப் பகுதிதான் தீர்ப்பின் மிகச் சரியான பகுதி என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். செங்கல் சுவரில் கொத்தனார் தவறினால் வீட்டுக்காரர் கண்ணுக்கே அது தெரியும். நம் ஊரில் செங்கல் வேலையைப் பார்த்து வளராதவர் இல்லை. ஓர் அங்குலச் சுவரில் உள்ளே வலை எங்கே நிற்கிறது, கலவை எத்தனை நாள் ஈரம் குடித்தது என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். பொருள் எவ்வளவுக்கு மெலிகிறதோ அவ்வளவுக்குச் செய்பவரின் வாய்ச்சொல் முக்கியமாகிறது.

மணல் மெத்தை போட்டு, சமதள மேடையில், புதிய குழாய்முனையோடு அந்தத் தொட்டி திரும்ப ஏறியது. செப்பனிட்ட பிறகு ஒழுகியதாக எனக்குத் தகவல் வரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மாடியில் காலியாக இருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் உருண்டு விழுந்த தெருக்களை நான் பார்த்தேன். முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு ஃபெரோசிமென்ட் தொட்டியைக் காற்று அவ்வளவு எளிதில் நகர்த்தாது. அந்த எடையே சிலருக்கு இடைஞ்சல், கடற்கரை ஊருக்கு அது நன்மை.

தெரிந்தும் சொல்லாமல் விடுவது பொறுப்புக்கு உரியது என்று எங்கள் மன்றம் அன்று எழுதியதன் சாரம், இன்று சட்டத்திலேயே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, சரியான பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் பொருளைத் தருவதையும் உற்பத்தியாளரின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரமும் 38-ஆம் பிரிவில் தொடர்கிறது.

ஃபெரோசிமென்ட் தொட்டியோ கூரையோ செய்யச் சொல்கிறவர்கள், முன்பணம் கொடுக்கும் அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: எத்தனை அடுக்கு வலை, சிமென்ட்டுக்கு மணல் எத்தனை பங்கு, எத்தனை நாள் தண்ணீர் காட்டுவது, குழாய்முனை எந்தப் பக்கம், அடியில் மேடை யார் போடுவது. பத்து நாள் ஆகும் என்று கொத்தனார் சொன்னால், விசேஷத் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.